இருமலோடு வரும் பிள்ளையும் மூணு காய்ச்சல் காலங்களும்



இருமலோட வர்ற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புல உட்கார வைக்கலாமா, வீட்டுக்கு அனுப்பணுமா? ஆலயத் தொண்டர்கள் எங்களுக்குள்ள இந்தப் பேச்சு அடிக்கடி வருது. பழைய வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1918-இல் உலகையே ஆட்டிய இன்புளுவன்சா மலாயாவுக்கும் வந்தது. இங்கே மட்டும் சுமார் 35 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். தோட்டத் தமிழர்களுக்குப் பலத்த அடி. வழக்கமா சளிக்காய்ச்சல் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் சாய்க்கும். இது பால் வெட்டுற வயசுல இருந்தவர்களையும் சாய்த்தது.

1957 மே மாதம், மெர்டேக்காவுக்குச் சில மாதம் முன்னால், ஆசியக் காய்ச்சல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. உலகம் முழுக்க அதில் அதிகம் படுத்தது பள்ளிப் பிள்ளைகள்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் காய்ச்சல் வேகம் எடுத்தது. வகுப்பறையில் தொற்றியது வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள், உயிர் போனது பெரும்பாலும் பெரியவர்களுக்கு.

2020 நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செங் சன்னாசிமலையில் மாசி மகம் முடிஞ்சு சில நாள்தான். மார்ச் 13 வெள்ளிக்கிழமை, ஒரு வார விடுமுறைன்னு பிள்ளைகள் புத்தகப் பையோட வீடு வந்தாங்க. 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. தமிழ்ப்பள்ளிகள் மறுபடி திறந்தது ஜூலையில். நவம்பரில் திரும்ப மூடல், 2021-லும் மூடல்.

கோவிட்-19 பெரும்பாலான பிள்ளைகளை லேசாத்தான் தொட்டது. ஆனா படிப்பு போச்சு. ஒரே கைப்பேசியை மூணு பிள்ளைகள் மாத்தி மாத்திப் பிடிச்ச வீடுகளை நாங்கள் பார்த்தோம். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளையும் வகுப்பில் பார்க்கிறோம்.

அதனால கதவை மூடுறது கடைசி வழி. நோய் கண்ட பிள்ளை ஒதுங்கி இருப்பதுதான் முதல் வழி. இது நமக்குப் புதுசா? லயத்து வீட்டுல அம்மை கண்டா வாசல்ல வேப்பிலை செருகுவாங்க. அது மாரியம்மன் மேல் பக்தி. ‘இப்போ உள்ளே வராதீங்க’ன்னு அக்கம்பக்கத்துக்குச் சொல்ற அடையாளமும்கூட.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேவாரம் வாய்விட்டுப் பாடுறது; அந்த மூச்சு பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் போகும். மண்டபத்துல பாட்டிமார்களும் உட்கார்ந்திருக்காங்க. காய்ச்சல், இருமல் இருந்தா பிள்ளை அந்த வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். யாரும் குறை சொல்ல மாட்டோம். குணமாகி வந்ததும், விட்டுப்போன பதிகத்தை நாங்களே பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றோம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.