பேசுமுன் காத்திருந்த கம்பி

ஈதர்நெட் பிறந்தது 1973-இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில். ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் அமைத்த அந்த வலையில் கணினிகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே கம்பி. ஒன்று பேசுகையில் மற்றவை காத்திருக்கும். இரண்டு ஒருசேரப் பேசிவிட்டால் இரண்டும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கும். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பது இதுதான்.

1990-களில் ஸ்விட்ச் பரவியபோது ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை வாய்த்தது. ஒரே கணத்தில் பேசவும் கேட்கவும் இயலும் ஃபுல் டூப்ளெக்ஸ் 1997-இல் தரநிலையில் இடம்பெற்றது. இரு முனைகளும் தத்தம் திறனை அறிவித்துப் பொதுமுறையைத் தேரும் ஆட்டோ நெகோஷியேஷன் 1995-இலேயே, 100 மெகாபிட் தரநிலையோடு வந்திருந்தது. ஆயினும் தொடக்ககாலக் கருவிகள் பல தம்முள் சரிவர உடன்படவில்லை. எனவே வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே நிர்ணயித்துவிடும் வழக்கம் வலை நிர்வாகிகளிடையே வேரூன்றியது.

வினை அங்கேதான் விளைந்தது. ஸ்விட்ச் முனையில் மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிர்ணயித்தால், பெரும்பாலான கருவிகளில் அம்முனை அறிவிப்பை நிறுத்திவிடும். மறுமுனை, வரும் சமிக்ஞையைக் கொண்டு வேகத்தை அறியலாம். டூப்ளெக்ஸை அறிய வழியில்லை. தரநிலை விதித்தபடி அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்குத் திரும்பும். விளக்கு எரியும், சிறு செய்திகள் போய்வரும். பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் வேகம் சரியும். இணைப்பு அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இப்படிக் குன்றியபடி ஓடுவதால் பழி கணினிமீதோ மென்பொருள்மீதோ விழும்.

1999-இல் வந்த செப்புக்கம்பி கிகாபிட் தரநிலை, உடன்பாட்டைக் கட்டாயமாக்கியது. பழைய 100 மெகாபிட் இணைப்புகளுக்கு விதி எளிது: இரு முனைகளையும் ஆட்டோவில் விடுக, இல்லையேல் இரண்டிலும் ஒரே அமைப்பை இடுக. ஒரு முனை மௌனம் காத்தால், மறுமுனை 1973-இன் வழக்கத்துக்கே திரும்பிவிடும்.