வாலிகண்டபுரமும் சிப் ஷாட்டும்: ஒரு குட்டி வரலாறு

வாலிகண்டபுரத்துக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. நேரடியா ஒண்ணும் கிடையாது. எங்க ஊர்ல வாலீஸ்வரர் கோவில் இருக்கு, வடக்கே கொஞ்ச தூரத்துல ரஞ்சன்குடி கோட்டை இருக்கு, சுத்தி சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் இருக்கு. கோல்ஃப் மைதானம் மட்டும் இல்லை. ஆனா எங்க வீட்டுப் பரண்ல ஒரு கோல்ஃப் மட்டை இருக்கு. அதோட கதைதான் இது.

முதல்ல கொஞ்சம் சரித்திரம். 1744-ல ஸ்காட்லாந்துல, எடின்பரோ பக்கத்து லீத் ஊர்க்காரங்க கோல்ஃபுக்கு 13 விதிகள் எழுதி வச்சாங்க. கைக்குக் கிடைச்ச விதிகள்ல ரொம்பப் பழசு அதுதான். சரியா ஏழு வருஷம் கழிச்சு, 1751-ல, வெள்ளைக்காரன் எங்க ஊருக்கு வந்தான். மட்டையோட இல்லை, பீரங்கியோட. ஆற்காட்டு நவாப் பதவிக்கு சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிக்கிட்ட சமயம். முன்னவருக்கு பிரெஞ்சுக்காரன் துணை, பின்னவருக்கு ஆங்கிலக் கம்பெனி. கேப்டன் ஜிஞ்ஜன்ஸ் தலைமையில வந்த கம்பெனிப் படை இங்க நிக்க முடியாம திருச்சி பக்கமா பின்வாங்கிடுச்சு. அந்தப் படையோட வந்தவங்கள்ல கிளைவும் ஒருத்தர். அவங்க ஏடுகள்ல எங்க ஊர் பேரு 'வால்கொண்டா'!

ஓடினவங்க திரும்பி வந்து நாட்டையே பிடிச்சாங்க. பின்னாடியே கோல்ஃபும் வந்துது. 1829-ல கல்கத்தாவுல கிளப் ஆரம்பிச்சாங்க. பிரிட்டனுக்கு வெளியே இன்னிக்கும் இருக்கிற கிளப்கள்ல அதுதான் மூத்தது. பெங்களூர்ல 1876, கொடைக்கானல்ல 1895. துரைமார் ஆட, பையைத் தூக்கிட்டுப் பின்னாடி நடக்க உள்ளூர்ப் பையன்கள். அவங்களுக்குப் பேரு கேடி.

எங்க பெரியப்பா அப்படி ஒரு கேடி. மழை பொய்ச்ச ஒரு வருஷம் மெட்ராஸ் பஸ் ஏறினவர், ஒரு கிளப்புல பை தூக்கப் போய் அங்கேயே முப்பது வருஷம் இருந்துட்டார். நான் பள்ளிக்கூடத்துல, வாத்தியார் கேட்டப்ப, பெருமையா "எங்க பெரியப்பா கேடி சார்"னு சொல்லிட்டேன். வகுப்பே சிரிச்சுது. நம்ம ஊர்ல கேடின்னா போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டியிருக்கிற ஆள் இல்லையா! அன்னியிலிருந்து யார் கேட்டாலும் "கிளப் மேனேஜர்"னுதான் சொல்வேன். அவர் முன்னாடியே ஒருதடவை சொல்லியிருக்கேன். அவர் ஒண்ணும் பேசலை.

பொங்கலுக்கு வரும்போது அந்த மட்டையையும் கொண்டு வருவார். யாரோ ஒரு மெம்பர் கழிச்சுக் கட்டின ஏழாம் நம்பர் அயர்ன். அறுவடை முடிஞ்ச களத்துல ஒரு அன்னக்கூடையைப் படுக்க வச்சுட்டு, இருபது முப்பது அடி தள்ளி நின்னு பந்தைத் தட்டுவார். அது முழங்கால் உயரம்கூட எழும்பாது. ரெண்டு மூணு அடி பறந்து, தொப்புனு விழுந்து, அப்புறம் உருண்டு உருண்டு நேரா கூடைக்குள்ள போகும். பத்துக்கு ஏழு எட்டு. இதுக்குப் பேருதான் சிப் ஷாட்னு எனக்கு அப்போ தெரியாது. இதென்ன பெரிய வித்தைன்னுகூட நினைச்சேன்.

பல வருஷம் கழிச்சு ஆபீஸ்காரங்களோட ஒரு மைதானத்துக்குப் போனேன். கிரீனுக்கு ஓரமா பந்து, குழி நாப்பது அடியில. தூக்கி அடிச்சேன் பாருங்க, கிரீனையே தாண்டி அந்தப்பக்க மணல்குழிக்குள்ள போய் உக்காந்துது. அடுத்ததுல மட்டை மண்ணை வெட்டிச்சு, பந்து ரெண்டடி நகர்ந்துது. என் பையைத் தூக்கிட்டு வந்த பையன் அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டான். அப்போதான் பெரியப்பா ஞாபகம் வந்தார். அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆயிருந்துது.

அதுக்கப்புறம் இந்த சிப் ஷாட்டோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துது. கிரீன் ஓரத்துல கெட்டிக்காரங்களா இருந்தவங்கள்ல நிறைய பேர் கேடியா இருந்தவங்க, இல்லேன்னா மைதானத்துல வேலை பார்த்தவங்க வீட்டுப் பிள்ளைங்க.

1938 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இடி மாதிரி அடிக்கிற சாம் ஸ்னீட். எதிர்ல பால் ரன்யன், சின்ன உருவம், கேடியா இருந்து வந்தவர். ஒவ்வொரு குழியிலயும் ஸ்னீடோட முதல் அடி ரன்யனோடதைத் தாண்டிப் போகும். ஆனா கிட்ட வந்ததும் சிப்பும் பட்டும் போட்டே ரன்யன் அவரைச் சாய்ச்சார். 36 குழி ஆட்டம், ஏழு குழி மிச்சம் இருக்கும்போதே எட்டு குழி முன்னிலையில முடிஞ்சு போச்சு.

ஸ்பெயின்ல பாயெஸ்தெரோஸ். அவரும் கேடியா இருந்தவர்தான். பெத்ரேஞா கடற்கரை மணல்ல, கையில இருந்த ஒரே ஒரு மூணாம் நம்பர் அயர்னை வச்சே எல்லாம் பழகினார். 1976 பிரிட்டிஷ் ஓப்பன்ல, 19 வயசுல, கடைசிக் குழியில ரெண்டு மணல்குழிகளுக்கு நடுவுல பந்தை உருட்டி விட்டார். ஜாக் நிக்லாஸோட சேர்ந்து ரெண்டாம் இடம்.

நம்ம நாட்டுல அலி ஷேர், டெல்லியில கேடியா இருந்தவர். 1991-ல இந்தியன் ஓப்பனை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். கல்கத்தாவுல சவுராசியா, ராயல் கல்கத்தா கிளப்புல புல் பராமரிச்சவரோட மகன், தானாவே கத்துக்கிட்டவர். 2008-ல இந்தியன் மாஸ்டர்ஸ், அப்புறம் 2016, 2017 ரெண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன். தூரமா அடிக்கிறவர் இல்லை. அவரோட சிப், பட் ரெண்டையும் பார்த்துட்டு சக ஆட்டக்காரங்க வச்ச செல்லப் பேரு 'சிப்புட்சியா'.

ஏன் இப்படி? தூரமா அடிக்கப் பழக பெரிய மைதானம் வேணும், கூடை கூடையா பந்து வேணும், உள்ளே நுழைய அனுமதி வேணும். சிப்புக்கு ஒரு பழைய மட்டை, ஒரு பந்து, இருபதடி மண்ணு போதும். இன்னொண்ணு, அந்தக் காலத்து இந்திய மைதானங்கள் பலதுல கிரீனே கிடையாது, 'பிரவுன்'தான். மணல்ல எண்ணெய் கலந்து இழுத்து விட்ட தரை. சுத்தி கட்டாந்தரை. அங்க பந்தைத் தூக்கி அடிக்கப் போனா மட்டை தரையில பட்டு எகிறும். உருட்டத் தெரிஞ்சவன்தான் பிழைப்பான். பெரியப்பாவோட களத்து மேடும் கிட்டத்தட்ட அதே தரைதான்.

தொழில்முறை ஆட்டக்காரங்களே 18 குழியில சுமாரா 12-ல தான் கணக்குப்படி கிரீனுக்குப் போய்ச் சேருறாங்க. மிச்சம் ஆறுல பெரும்பாலும் கிரீன் பக்கத்துலேருந்துதான் காப்பாத்தணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம்.

பெரியப்பா செஞ்சதை ஞாபகப்படுத்தி, படிச்சதோட ஒட்டி வச்சுப் பார்த்தேன். விஷயம் இவ்வளவுதான்:

காலை நெருக்கி வச்சு நிக்கணும். உடம்பு பாரம் குழி பக்கத்துக் கால்ல. பந்து பின்னங்கால் பக்கமா. கை ரெண்டும் பந்துக்குக் கொஞ்சம் முன்னாடி. மணிக்கட்டை உடைக்காம, தோளை மட்டும் ஆட்டி பட் பண்ற மாதிரியே ஒரு தட்டு. ரன்யனும் சிப்பை பட் மாதிரிதான் ஆடச் சொன்னார்.

பந்தை நாம தூக்கி விடக்கூடாது. மட்டை முகத்துல இருக்கிற சாய்வே தூக்கிடும். நாம தூக்கப் போனா மணிக்கட்டு மடங்கி, ஒண்ணு மண்ணை வெட்டும், இல்லேன்னா பந்தோட நடுமண்டையில அடிக்கும். ஆபீஸ்காரங்க முன்னாடி எனக்கு நடந்தது ரெண்டும் இதுதான் :-)

குழியைப் பார்க்காதீங்க, பந்து விழ வேண்டிய இடத்தைப் பாருங்க. பன்னிரண்டிலேருந்து மட்டையோட நம்பரைக் கழிச்சா, ஒரு பங்கு பறந்தா எத்தனை பங்கு உருளும்னு தோராயமா வரும். ஏழாம் நம்பர்னா அஞ்சு பங்கு. பிட்சிங் வெட்ஜைப் பத்துன்னு வச்சுக்கிட்டா ரெண்டு பங்கு. கிரீன் மேடா பள்ளமான்னு பார்த்துக் கூட்டிக் குறைச்சுக்கணும். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. களத்துல ஒரு சோளத்தட்டையைக் கிள்ளிப் போட்டு, "இங்க விழுந்தா அங்க போகும்டா தம்பி"ன்னு மட்டும் சொல்வார்.

முப்பது வருஷம் அந்த மைதானத்துல நடந்தவர், சொந்தமா ஆடினது கேடிகளுக்கு விட்ட திங்கட்கிழமைகள்ல மட்டும்தான். அவர் எத்தனை அடியில முடிச்சார்னு யாரும் எழுதி வைக்கலை. அவர் அடிச்ச பந்தை எண்ணினது களத்து மேட்டுல நான் ஒருத்தன்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண்லேருந்து அந்த மட்டையை இறக்கினேன். பிடி ரப்பர் நைஞ்சு போயிருந்துது. புதுசா சுத்தி, அதே களத்துல கூடையைப் படுக்க வச்சேன். பத்துக்கு மூணு விழுந்துது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "இது யாருதுண்ணே?"ன்னு கேட்டான்.

"எங்க பெரியப்பாவோடது. அவர் கேடி"ன்னு சொன்னேன். சிரிச்சான். உக்காரவச்சு முழுக்கதையும் சொன்னேன்.