வன்னியும் பெருங்கற்கால ஈமச் சின்னங்களும்

வன்னியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வன்னிபங்களின் ஆட்சியிலிருந்தே தொடங்குவர். ஆயின், ஏடும் கல்வெட்டும் தோன்றுமுன்னரே இந்நிலத்தில் நிலைத்து வாழ்ந்த குடிகள் இருந்தனர். அவர்தம் வரலாற்றுக்கு, இறந்தோர்க்கு அவர்கள் எடுத்த ஈமச் சின்னங்களே தலையாய சான்றாகும்.

பெருங்கற்காலப் பண்பாடு என வழங்குவது, இப்பகுதிகளில் இரும்பை முதன்முதற் பயன்படுத்திய மக்களின் பண்பாடாகும். எலும்புகளைத் தொகுத்துத் தாழியிலிட்டுப் புதைத்தலும், பலகைக் கற்களாற் கல்லறை அமைத்தலும், புதைகுழியின்மேற் கற்களைக் குவித்தலும் அவர்தம் வழக்கங்கள். கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் இறந்தோருடன் வைக்கப்பட்டன. இத்தகைய கற்குவையைச் சங்கச் செய்யுட்கள் பதுக்கை என்னும். சோழன் கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறப்பாட்டு, தாழி வனையும் குயவனையே விளித்து இரங்குகின்றது.

அநுராதபுரத்தில் இரும்புக்காலக் குடியிருப்பு ஏறத்தாழக் கி.மு. 900 அளவில் தோன்றியதைச் சிரான் தெரணியகலவின் அகழாய்வுகள் காட்டின. வன்னிக்குத் தென்மேற்கே காலா ஓயாவை அடுத்த பொம்பரிப்பில், தாழிக்காடு 1970இல் விரிவாக அகழப்பட்டது. கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூருடன் அது ஒப்பிடப்படுகின்றது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவிற் கல்லறைத் தொகுதிகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980இல் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, ஈமக்குழியொன்றிற் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. வன்னியிலேயே, வவுனியா மாவட்டத்து மாமடுவில் ஈமத்தலமும் பூநகரியிற் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் அறியப்பட்டுள்ளன.

இப்பண்பாட்டுத் தலங்களை ஒருங்கே நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். ஈமத்தலம், குடியிருப்பு, நீர்நிலை, விளைநிலம் ஆகிய நான்கும் அருகருகே அமைகின்றன. குளமும் அதன்கீழ் வயலும் அயலிற் குடிமனையும் கொண்ட வன்னிக் கிராமத்தை அறிந்தோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. குளத்தைச் சார்ந்த வாழ்வின் வேர்களை அரசர் கட்டிய பெருங்குளங்களில் மட்டுமன்றி, இச்சிறு குடிகளிடத்தும் தேடவேண்டும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

வயலுக்கு ஆகாத மேட்டு நிலத்தையே அம்மக்கள் பெரும்பாலும் ஈமத்துக்கு ஒதுக்கினர். இன்று காடு வெட்டப்படும்போதும், கிரவல் அகழப்படும்போதும், அணைக்கட்டுக்குக் கல் சேர்க்கப்படும்போதும் முதலில் அழிவதும் அம்மேட்டு நிலமே. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் காப்பளிக்கின்றதெனினும், அறியப்படாத தலத்தைச் சட்டம் காத்தல் அரிது. 2009வரை நீடித்த போரினால் வன்னியில் முறையான கள ஆய்வுகள் தடைப்பட்டன. ஆகவே, நிலம் திருத்துமுன் அதனை ஆராய்ந்து பதிவுசெய்தல் இன்றியமையாதது.

பதிவு செய்தபின் எழுவது உரிமை வினா. தாழியோ கற்குவையோ தன்னளவில் எம்மொழியும் பேசுவதில்லை. கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலில், சிங்களவர்க்கும் தமிழர்க்கும் பொதுவான தொல்குடி அடித்தளத்தை வலியுறுத்துவர். ஈமக்கற்களைத் தம் இனத்துக்கே உரியனவென வாதிடுவதும், பிறருக்குரியனவெனக் கருதிப் புறக்கணிப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களாகும். அவை இந்நிலத்து மாந்தர் அனைவர்க்கும் உரியன; அவற்றைக் காத்தலும் அனைவர்தம் கடனே.