ஜவ்வாது மலையும் கூட்டுறவும்

கலசப்பாக்கத்தின் வழியே ஓடும் செய்யாறு உற்பத்தியாகும் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை பயிரிட்டும் புளி, தேன், கடுக்காய் சேகரித்தும் வாழ்ந்து வருகின்றனர். நாடெங்கும் இத்தகைய மக்கள் வியாபாரிகளின் முன்கடனில் சிக்கிக் கிடந்த நிலையில், 1971இல் மைய அரசு அமைத்த பாவா குழு, கடன், இடுபொருள், விற்பனை, நுகர்பொருள் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் வழங்கும் ‘லாம்ப்’ எனப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைப் பரிந்துரைத்தது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், பழங்குடிப் பகுதிகளுக்கெனத் தனி நிதி ஒதுக்கும் துணைத் திட்டமும் வந்தது. ஆனால் ஜவ்வாது மலையில் கடனைவிட முக்கியம், அடிப்படைக் கட்டமைப்பே. சாமையின் கெட்டியான உமியை உரலில் குத்தி நீக்குவது பெரும்பாடு. எனவே உமிநீக்கும் எந்திரமும் சாலையும் மலையிலேயே அமையாவிட்டால், சாமை அரிசியின் லாபம் சமவெளி ஆலைகளுக்கே போய்ச் சேரும்.