நின்ற வலையும் ஓடும் தோணியும்

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அந்த எழுபத்தேழு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் இயற்பியலின் அடித்தளமே மாறிப்போனது.

நின்ற பொருளின் கணக்கு அதற்கு முன்பே அவர்கள் மொழியில் எழுதப்பட்டுவிட்டது. சைமன் ஸ்டெவின் 1586-இல் எடைகளின் சமநிலை பற்றியும் நீரின் அழுத்தம் பற்றியும் டச்சு மொழியிலேயே நூல்கள் வெளியிட்டார். பழவேற்காடு ஏரியில் விரித்த வலை அந்தக் கணக்குக்கு நல்ல சாட்சி. மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டு. ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்க, வலை தண்ணீருக்குள் சுவர் போல நிற்கும். மிதவை குறைந்தால் வலை சரிந்துவிடும்.

ஓடும் பொருளின் கணக்குத்தான் அறிஞர்களை வெகுகாலம் அலைக்கழித்தது. தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும். ஆகவே ஓட்டத்துக்கு விசை தொடர்ந்து வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ இதை மறுத்து எழுதிய நூல் இத்தாலியில் அச்சேற வழியில்லாமல், 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளியானது. ஓட்டம் தொடர விசை வேண்டியதில்லை என்பதை 1687-இல் நியூட்டன் விதியாக வகுத்தார்.

பழவேற்காடு ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். அதனால் கழி ஊன்றியே தோணியைத் தள்ளலாம். நின்ற தோணியை நகர்த்தத்தான் உடம்பை முழுக்கச் சாய்க்க வேண்டும். முதல் சில உந்தல்களில் வேகம் ஏறும். பிறகு அதே பலத்தோடு ஊன்றினாலும் ஏறாது. பாய் விரித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். காற்று ஒரே சீராகத் தள்ளுகிறது. வேகம் கூடக்கூடத் தண்ணீரின் தடையும் கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் நிகர விசை பூஜ்யம். ஆனாலும் தோணி நிற்பதில்லை, அடைந்த வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கிறது. பாயை இறக்கினால் தடை மட்டும் மிஞ்சும். தோணியை நிறுத்துவது அதுதான். இன்றைய மோட்டார் படகுக்கும் இதே கணக்குத்தான்.

விசைகள் சமமானால் பொருள் அசையாது என்று மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு எழுதும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் உலகம் நியூட்டன் வரை காத்திருந்தது.

பழவேற்காட்டுக்கு மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களே, டச்சுக் கல்லறைகளைக் காட்டியதோடு திரும்பிவிடாதீர்கள். படகுத்துறையில் அரை மணி நேரம் நிறுத்தி, சீரான வேகத்தில் போகும் ஒரு படகைக் காட்டி, அதன் மீதுள்ள நிகர விசை எவ்வளவு என்று கேளுங்கள்.