வரையறைக்குள் வந்தவரும் வெளியே நின்றவரும்: மனநலச் சமூகப் பணியாளரின் பெயர் வரலாறு

 

பெங்களூரில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி மனநலச் சமூகப் பணியில் எம்.ஃபில். மாணவி. ஒருநாள் இரவு, நோயாளி ஒருவரைப் பற்றிய தன் குறிப்பேட்டைப் படித்துக் காட்டினாள். நோயாளியின் பெயரையும் ஊரையும் மறைத்துத்தான் படித்தாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் வந்தது: இன்ஃபார்மன்ட். அதன் எதிரே, 'நம்பத்தக்கவர், போதுமானவர்' என்று ஒரு மதிப்பீடு. நோயாளியைப் பற்றித் தகவல் தரும் தாயோ கணவரோதான் அந்த இன்ஃபார்மன்ட். மொழியியல் படித்த எனக்கு அச்சொல் சுருக்கென்றது. களப்பணிக்குப் போகும் மொழியியலாளர் தமக்குச் சொல் சொல்லித் தரும் ஊர்க்காரரையும் இதே பெயரால்தான் நெடுங்காலம் குறித்தனர். அது மரியாதைக் குறைவு என்று உணர்ந்து எங்கள் துறை மெல்லக் கைவிட்டுவருகிறது. மனநலத் துறையில் அது இன்னும் வாழ்கிறது.

அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தொழிலின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். இந்தியாவில் மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் யார், அவரை யார் பயிற்றுவித்தனர், சட்டம் அவரை எப்பெயரால் அழைத்தது என்பன மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று பக்கங்களாகத் தோன்றின.

தொடக்கம் பம்பாய். நாக்பாடா என்னும் நெருக்கடியான உழைப்பாளர் குடியிருப்பில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் 1920களில் ஒரு சமூக இல்லத்தை நடத்திவந்தார். 1936இல் அவர் தலைமையில் சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. 1944இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. மான்ஷார்ட்டுக்குப் பின் இயக்குநரானவர் ஜே.எம். குமரப்பா. தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர் அவர். தம்மவர் ஒருவர் அங்கே இருந்ததை நம்மில் பலர் அறியோம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்பள்ளி வருமுன் பம்பாயில் சமூகத் தொண்டு இல்லாமலில்லை. என்.எம். ஜோஷி 1911இலேயே சோஷியல் சர்வீஸ் லீக்கை நிறுவியிருந்தார். ஆனால் அது சேவை. பள்ளி கற்பித்தது பணி. இந்தியில் சமாஜ் சேவா, சமாஜ் கார்ய என்னும் இணை; தமிழில் சமூக சேவை, சமூகப் பணி. முதற்சொல்லுக்குச் சம்பளம் இல்லை, தேர்வு இல்லை, நல்ல மனம் போதும். இரண்டாவதற்கு இரண்டாண்டுப் படிப்பும் மேற்பார்வையில் களப்பயிற்சியும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டப் பள்ளி அரும்பாடுபட்டது. பொதுமக்கள் இன்றுவரை அப்பிரிவினையை முழுதும் ஏற்கவில்லை. முதுகலை சமூகப்பணி படித்தவரிடம் 'சேவை செய்யவா படிப்பு?' என்று கேட்கும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு.

மனநலத்தின் பக்கம் இத்தொழில் திரும்பியதும் அங்கேதான். பள்ளி தொடங்கிய மறு ஆண்டே, 1937இல், குழந்தைகள் வழிகாட்டு மருத்துவகம் ஒன்று அதனுடன் இணைந்து இயங்கத் தொடங்கியது. 1946இல் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் பயின்று திரும்பிய கௌரி ராணி பானர்ஜியின் தலைமையில் 1948இல் மருத்துவ, மனநலச் சமூகப் பணிக்கெனத் தனித்துறை உருவானது. அங்கே இத்தொழிலுக்கு ஏற்கெனவே வயது முப்பது. முதல் உலகப்போரில் மனம் நொந்து திரும்பிய வீரர்களைக் கவனிக்க ஸ்மித் கல்லூரி 1918இல் பயிற்சிப் பள்ளி திறந்தது. அந்த மரபுதான் கப்பலேறி வந்தது. தனிமனிதரை எதிரே அமரவைத்துப் பேசும் அம்முறை, மாமியாரும் மைத்துனரும் சூழ வரும் இந்திய நோயாளிக்குப் பொருந்துமா என்னும் ஐயம் பானர்ஜிக்கே இருந்தது. இந்தியச் சிந்தனை மரபில் இத்தொழிலுக்கு வேர் தேடி அவர் எழுதிய கட்டுரைகள் 1972இல் நூலாயின. அத்தேடலின் எல்லா முடிவுகளிலும் எனக்கு உடன்பாடில்லை, கேள்வி சரியானது.

இதே காலத்தில் அரசின் நிலை என்ன? 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டமே நடப்பிலிருந்தது. 'லூனடிக்' என்பதற்கு அது தந்த பொருள் 'இடியட் அல்லது சித்தம் சரியில்லாதவர்' என்பதே. அசைலம் என்ற பெயர்ப்பலகைகள் 1920களின் தொடக்கத்தில் மெண்டல் ஹாஸ்பிட்டல் என்று மாற்றி எழுதப்பட்டன. மதில்கள் அப்படியே நின்றன. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, சுமார் 40 கோடி மக்களுக்கு மனநோய் மருத்துவமனைப் படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே என்று கணக்குக் காட்டியது. படுக்கைகளோடு பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை என்றது. அதன் விளைவாக 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் எழுந்தது. மனநலச் சமூகப் பணிக்கான தனிப் பட்டயப் படிப்பு அங்கே 1960களின் இறுதியில் வந்து, பின்னர் எம்.ஃபில். ஆனது. மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையுடன் அந்நிறுவனம் இணைக்கப்பட்டு, 1974இல் நிம்ஹான்ஸ் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

ஆனால் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் பம்பாயிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை. அது அமிர்தசரஸ்.

பிரிவினைக்குப் பின் நிலம், நீதிமன்றக் கோப்பு, நூலகப் புத்தகம் என அனைத்தும் பங்கிடப்பட்டபோது மனநோயாளிகளும் பங்கிடப்பட்டனர். லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950இல் எல்லை தாண்டி அனுப்பப்பட்டனர். மண்ட்டோ கதையாக்கிய நிகழ்வு அது. அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனை. இடமில்லை, ஆளில்லை. அக்கண்காணிப்பாளர் பொறுப்பில் 1950களில் இருந்தவர் மருத்துவர் வித்யா சாகர்.

அவர் செய்தது எளிய காரியம். மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்து, நோயாளியுடன் அவருடைய குடும்பத்தாரையும் அங்கே தங்கச் செய்தார். மனைவி சமைத்தாள், தந்தை அருகில் படுத்தார், சகோதரன் மருந்து எடுத்துக் கொடுத்தான். குடும்பத்தாரை ஒன்றாக உட்காரவைத்து, இது பேயன்று, பாவத்தின் கூலியன்று, குணமாகக்கூடிய நோய் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒருவர் குணமடைவதை அடுத்த கூடாரத்தார் கண்ணால் கண்டனர். நோயாளிகள் விரைவில் தேறினர். அதனினும் முக்கியமாக, வீட்டார் அவர்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர். ஊருக்குப் போனவர் அடுத்தவருக்கு வழி சொல்லி அனுப்பினார்.

மேலைநாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சையின் முதற்படி என்றிருந்த காலம் அது. பணமில்லாமையும் ஆளில்லாமையும் சேர்ந்து ஓர் அறிவைப் பெற்றெடுத்தன. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் மனநல மையத்தைத் திறந்தபோது உறவினர் ஒருவர் உடனிருக்கும் முறையையே வகுத்துக்கொண்டது. நிம்ஹான்ஸிலும் பின்னர் குடும்ப உளமருத்துவத்திற்குத் தனிப்பிரிவு வந்தது. இன்று குடும்பத்தோடு பேசுவது மனநலச் சமூகப் பணியாளரின் தலையாய வேலை. பாடநூல் அதை அமெரிக்கக் கோட்பாடுகளின் பெயரால் கற்பிக்கிறது. கூடாரத்துக்கு அதில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

தோழியின் குறிப்பேட்டுக்குத் திரும்புகிறேன். கூடாரத்தில் சமைத்த மனைவி அக்குறிப்பேட்டில் என்னவாகிறாள்? இன்ஃபார்மன்ட் ஆகிறாள். சிகிச்சையில் பங்காளியாக இருந்தவள் தகவல் தரும் வாயாகச் சுருங்குகிறாள். அவ்வாயும் நம்பத்தக்கதா என்று மதிப்பெண் பெறுகிறது. இதை எழுத்தரின் பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பெங்களூர் மருத்துவமனை வரிசையில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது, மலையாளம், இந்தி எல்லாம் கேட்கும். குறிப்பேடு ஆங்கிலத்தில் எழுதப்படும். 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று ஒரு தாய் சொல்கிறாள். அது பிறழ்நம்பிக்கையா, தெருவே நம்பும் நம்பிக்கையா, பங்காளிச் சண்டையைச் சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே மொழியா? சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் முதற்பொருளே எஞ்சும். வீட்டையும் தெருவையும் அறிந்தவரே மற்ற இரண்டையும் காண்பார். அந்த அறிதலைத்தான் சமூகப் பணியாளருக்கு இரண்டாண்டு மேற்பார்வையில் கற்பிக்கிறார்கள். நூலில் படித்து வருவதன்று அது. மூத்தவர் அருகிலிருந்து 'இன்னொரு முறை கேட்டுவா' என்று திருப்பி அனுப்ப அனுப்ப வருவது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 1987இல் மனநலச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1993இல். அதில் உளமருத்துவருக்கு வரையறை உண்டு. சமூகப் பணியாளர் வேறோரிடத்தில் வருகிறார்: ஒவ்வொரு மருத்துவமனைக்கும் குறைந்தது ஐந்து பார்வையாளர்கள், அவர்களில் இருவர் சமூகப் பணியாளர்கள். அவர் யார் என்று வரையறை இல்லை. படித்துப் பட்டம் பெற்றவரா, ஊரில் நல்ல பெயர் எடுத்த பிரமுகரா? சட்டத்துக்கு இருவரும் ஒன்றே. அரை நூற்றாண்டாகத் தொழில் பிரித்துக் காட்ட முயன்ற சேவையையும் பணியையும் நாடாளுமன்றம் ஒரே சொல்லில் மீண்டும் கலந்துவிட்டது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றித் தீயில் கருகினர். இறந்தோர் 28 பேர். அதற்கு இரண்டாண்டு முன்னரே தேசிய மனித உரிமை ஆணையம் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து, மதில்களுக்குள் நிலவிய நிலையை எழுதிவைத்திருந்தது. ஏர்வாடிக் கொட்டகைகளில் விடப்பட்டோருக்கும் குடும்பங்கள் இருந்தன. அமிர்தசரஸில் கூடாரத்துக்குள் வந்த குடும்பம் இங்கே ஏன் சங்கிலிக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்பிச் சென்றது என்பதைக் கொடுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவர்களோடு உட்கார்ந்து பேச ஆளில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் 2017ஆம் ஆண்டு மனநல அட்லஸில் இந்தியாவுக்குரிய எண், ஒரு லட்சம் பேருக்கு 0.06 மனநலச் சமூகப் பணியாளர். ஏறத்தாழப் பதினேழு லட்சம் பேருக்கு ஒருவர்.

இப்பின்னணியில்தான் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டும். முதன்முறையாக மனநலச் சமூகப் பணியாளர் வரையறைக்குள் வந்தார்: சமூகப் பணியில் முதுகலை, அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., அல்லது விதிகளால் வகுக்கப்படும் தகுதி. சேவைக்கும் பணிக்குமிடையே சட்டம் கோடு கிழித்துவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று.

இரண்டாண்டு கழித்து, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். படிப்பே இனி வேண்டாம் என்றது. 2022இல் பல்கலைக்கழக மானியக்குழு அதை விதியாக்கியது. ஒரு சட்டத்தில் ஒரு தொழிலின் இலக்கணமாக நிற்கும் பட்டத்தை மற்றொரு விதி ஒழித்தது. கொள்கை வகுத்தோருக்கு எம்.ஃபில். என்றால் முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் படிப்பு. மருத்துவமனைக்கு அது கைப்பழக்கம். மூன்றெழுத்துக்கு இரு பொருள் இருந்ததை எவரும் நினைவில் கொள்ளவில்லை போலும். எதிர்ப்பு எழுந்த பின், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தரப்பட்டது.

2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் சட்டம் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்திருப்பதால் மாற்றுவழி பிறக்கும் என்கின்றனர் சிலர். பிறக்கலாம். ஆனால் பட்டத்தின் பெயரை மாற்றுவது எளிது. அசைலம் மெண்டல் ஹாஸ்பிட்டல் ஆன கதையைப் பார்த்துவிட்டோம். இரண்டாண்டு ஓராண்டாகுமா, மேற்பார்வை இணையவழி வகுப்பாகுமா, நாற்பது மாணவர்க்கு ஒரு மேற்பார்வையாளர் என்றாகுமா என்பவைதாம் எனக்குள்ள அச்சங்கள். மாவட்ட மனநலத் திட்டத்துக்கும், 2022இல் தொடங்கிய 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கும் ஆட்கள் வேண்டும் என்பது உண்மை. அவசரத்தில் ஆள் எடுப்போர்க்கு, 'இன்னொரு முறை கேட்டுவா' என்று திருப்பி அனுப்பும் மேற்பார்வையாளர் செலவாகத்தான் தெரிவார்.

தோழி படிப்பை முடித்து வடகர்நாடகத்தில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அங்கே அச்சிட்ட படிவத்தில் இன்ஃபார்மன்ட் என்னும் கட்டம் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, வந்தவரின் உறவுமுறையைக் கன்னடத்தில் அவர் சொன்னபடியே எழுதுகிறாளாம். மருத்துவர் ஒருமுறை ஏனென்று கேட்டாராம். சொன்னாளாம். அதன்பின் கேட்கவில்லையாம்.