பிடென்டன் கேக்கும் ஏழைகளின் தோள்பட்டையும்

இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் பிடென்டன் எண்டொரு கிராமம். ஈஸ்டர் காலத்தில் அங்கே ஒரு விசித்திரமான கேக் குடுக்கிறார்கள். மாவும் தண்ணியும் சேர்த்துச் சுட்டது. பல்லுக்கு அடங்காத கடினம். அதன் மேலே இரண்டு பெண்களின் உருவம், ஒட்டினபடி.

ஊர்க்கதை இது: எலைசா, மேரி சல்க்ஹேர்ஸ்ட் எண்டு ஒட்டிப்பிறந்த சகோதரிகள் 1100இல் பிறந்து, 34 வயதில் சில மணித்தியால இடைவெளியில் இறந்தார்களாம். தங்கட 20 ஏக்கர் நிலத்தை ஏழைகளுக்கு எழுதி வைத்தார்களாம். 18ஆம் நூற்றாண்டில் கென்ற்றின் வரலாற்றை எழுதிய எட்வேர்ட் ஹேஸ்ரட் இதை நம்பவில்லை. கேக்கில் உள்ளது ஏழை விதவைகளின் உருவம்தான், நிலத்தைக் குடுத்தவர்கள் வேறு இரு பெண்கள் என்றார்.

கதை எப்பிடியும் இருக்கட்டும், நிலம் உண்மை. 1645இல் ஊர்க் குருவானவர் அது தேவாலயத்துக்குரியது எண்டு வழக்குப் போட்டுத் தோற்றார். நிலம் ஏழைகளிடமே தங்கியது. 1682இல் இன்னொரு குருவானவர், தானம் குடுக்கும்போது ஒழுங்கீனம் நடக்கிறது எண்டு பேராயரிடம் முறையிட, கேக் குடுப்பது கோயிலுக்குள்ளேயிருந்து வெளி மண்டபத்துக்குப் போனது. பசித்தவர்கள் வரிசையில் அமைதியாக நிற்கவேணும் எண்ட எதிர்பார்ப்பு புதுசில்லை.

ஹேஸ்ரட் தரும் கணக்கு முக்கியமானது. சுமார் 600 கேக்குகள், வந்த எல்லாருக்கும். 270 பாணும் சீஸும், அந்தப் பங்கைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். வயிறு நிரப்புகிற பொருள் 'எங்கட ஆக்களுக்கு', நினைவுப்பொருள் மற்றவர்களுக்கு.

யார் 'எங்கட ஆள்'? இங்கிலாந்தின் சட்டமே இந்தக் கேள்வியில்தான் நிண்டது. 1601 ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் வரி வாங்கித் தன் ஏழைகளைப் பராமரிக்கவேணும். தானம் கடமையாக மாறியது நல்லதுதான். ஆனால் வரி கட்டுகிறவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். 1662 சட்டத்தின்படி, பிறகு சுமையாகக்கூடும் எண்டு தோன்றுகிற வெளியூர் ஏழையைத் திருப்பி அனுப்பலாம். 1697இலிருந்து உதவி பெறுகிறவர் வலது தோளில், சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' எழுத்தையும் பங்கின் முதலெழுத்தையும் அணியவேணும். 1810 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. 1834இல் வந்த புதிய சட்டம், உடல் வலுவுள்ளவர்களை வேலையில்லங்களின் வாசலுக்கு அனுப்பியது.

பிடென்டன் நிலம் 1907இல் வீடுகள் கட்ட விற்கப்பட்டது. வருமானம் கூடியது, முதியோருக்கு ஈஸ்டருக்குப் பாண், சீஸ், தேயிலை, நத்தாருக்குக் காசு எண்டு தானம் தொடர்ந்தது.

ஈகையின் வரலாற்றை நாங்கள் அதிகமாகக் குடுத்தவர்களின் பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறோம். இருந்தார்களோ இல்லையோ எண்டு தெரியாத சகோதரிகளின் பேரும் முகமும் இண்டைக்கும் கேக்கில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகக் கை நீட்டி நிண்டவர்களில் ஒருவரின் பேரும் அதில் இல்லை. அவர்களுக்குச் சட்டம் குடுத்தது தோளில் ஓர் எழுத்து மட்டும்தான்.